பழைய வணிகக் கட்டடத்துல சுவரெல்லாம் ஏன் இவ்ளோ தடிமன்? இடிச்சுட்டா கடை பெருசாகுமே?

நீங்க பழைய பில்டிங்ல கடை எடுத்திருக்கீங்க, நடுச்சுவர் கண்ண உறுத்துது, அதானே? தயவுசெஞ்சு அதுல கை வெச்சுடாதீங்க.

அந்தக் காலத்துல பெரும்பாலும் சுவர்தான் பாரம் தாங்கும், அதனால மாடி ஏற ஏற அடிச்சுவர் தடிச்சுக்கிட்டே போகும். சிகாகோவுல மோனட்நாக் பில்டிங்னு ஒண்ணு இருக்கு, 16 மாடி, 1891ல முடிஞ்ச அதோட வடக்குப் பாதியில வெளிச்சுவர் பூரா செங்கல், அடியில மட்டும் 6 அடி தடிமன். வாடகை அதிகம் வர்ற தரைத்தளத்துலதான் சுவர் இடத்த ரொம்பத் தின்னுது பாருங்க! இவ்ளோ கனம் மண்ணுல கொஞ்சம் இறங்கும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டுனாங்க, அது கணக்கையும் தாண்டி இறங்கிருச்சு. 1893ல தெற்குப் பாதிய ஸ்டீல் ஃப்ரேம்ல, அதாவது ஸ்டீல் தூணும் உத்தரமுமே பாரம் தாங்குற மாதிரி கட்டுனாங்க, அங்க சுவர் அந்தப் பாரத்தச் சுமக்க வேண்டிய வேலையே இல்ல.

நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். ஒரு ஓனர், மூணு மாடி பழைய கட்டடம், ரெண்டு கடைய ஒண்ணாக்கணும்னு கூப்பிட்டாரு. "இது வெறும் தடுப்புச் சுவர் சார், ரெண்டே நாள்ல இடிச்சுரலாம்"னு காண்ட்ராக்டர் அடிச்சுச் சொல்றாரு. மேல் மாடியில அதே சுவர அளந்தேன், கீழ இருக்குறதவிட அரை செங்கல் கம்மி. கீழ தடிச்சிருந்தா அது பாரம் தாங்குற சுவராச்சேன்னு எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. கூரைக்குக் கீழ ஒரு முழத்துக்குப் பூச்ச கொத்தச் சொன்னேன், வரிசையா மர உத்தரத்தோட நுனியெல்லாம் சுவருக்குள்ள உக்காந்திருக்கு, ஒண்ணு ரெண்டு நுனி கரையான் அரிச்சு விரல் வெச்சா உதிருது. காண்ட்ராக்டர் போன் பேசுற மாதிரி வெளிய போயிட்டாரு.

"ஸ்டீல் பீம் போட்டு எடுக்கலாமே"ன்னு யாராச்சும் வருவீங்க, தெரியும். எடுக்கலாம், முடியாதுன்னு நான் எங்க சொன்னேன்? முட்டுக் கொடுத்து, பீம் ரெண்டு முனையிலயும் இறங்குற பாரத்த அடில இருக்குற அஸ்திவாரம் தாங்குமான்னு தோண்டிப் பாத்து, அப்புறம் எடுங்க. அங்கயும் அப்படித்தான் செஞ்சோம், நடுவுல ஆள் போற அளவுக்கு ஒரு வாசல் மட்டும் திறந்தோம்.

திறப்பு விழா பத்திரிகையில இன்டீரியர் டிசைனர் பேரு கொட்டை எழுத்துல, லைட்டிங் பண்ணவரு பேரு கூட இருக்கு. என் பேரு? தேடிப் பாத்துட்டேன். அத விடுங்க, ஃபீஸ்ல கடைசித் தவணை இன்னும் வரல, போன் பண்ணா "நீங்கதான் வேலைய இழுத்துட்டீங்க"ங்கறாங்க.