எழுதாமல் இருப்பது

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாக உங்கள் தளத்தில் கட்டுரைகளும் மதிப்புரைகளும்தான் வருகின்றன, சிறுகதை வருவதில்லை. ஒரு கூட்டத்தில் கேட்டேன். ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கதை வரவில்லையா, நம்பிக்கை போய்விட்டதா? ஒரு தொகுப்பு வெளியிட்ட பிறகு நானும் எதுவும் எழுதவில்லை. அதனால்தான் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

தவறாக நினைக்க இதில் ஒன்றுமில்லை. நாலு பேர் நடுவில் நின்று சொல்லிவிட முடிகிற பதிலாக அது இல்லை, அவ்வளவுதான்.

கதை வராமல் இல்லை, வருகிறது. உட்கார்ந்தால் முதல் பத்தி வந்துவிடும், இரண்டாவதும் வரும். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் எங்கே போய் முடியும் என்று எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த இடத்தில் வாசகர் நெகிழ்வார் என்பதும் தெரிகிறது. இத்தனை வருடப் பழக்கத்தில் கைக்கு வந்த லாவகம் அது. அதன்மேல்தான் எனக்குச் சந்தேகம். எனக்கே புதிதாக எதையும் காட்டாத கதையை உங்களிடம் எப்படித் தருவது? எழுதி மூடி வைத்துவிடுகிறேன். சில நாட்களில், இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. அந்த நாட்கள் கஷ்டமானவை.

இந்த நேரத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது சுந்தர ராமசாமியை. ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வந்தது. நல்ல பெயரும் கிடைத்தது. அதே குரலில் இன்னும் நாலு நாவல் எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அதன் பிறகு ஆறேழு ஆண்டுகள் படைப்பு எதையும் தரவில்லை. நாகர்கோவிலில் துணிக்கடை வியாபாரம் இருந்தது, வாசிப்பும் நண்பர்களும் இருந்தார்கள். எழுபதுகளில் திரும்பி வந்தபோது மொழியே வேறாக இருந்தது. 1981இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளைப் புளியமரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முன்னதில் ஊர்ப்பேச்சின் சரளம், அதில் வரும் கதைசொல்லியான ஆசான் கதை சொல்லச் சொல்லச் சுற்றி உட்கார்ந்து கேட்கிற சுகம். பின்னதில் ஒவ்வொரு வாக்கியமும் இறுகி, தன்னையே சோதித்துக்கொண்டு நிற்கிறது. கைவந்த குரலை அவர் விட்டுவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த இடைவெளியில் அவர் மனதில் என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. இரண்டு நாவல்களின் மொழி சொல்வதைத்தான் சொல்கிறேன்.

அதற்காக, மௌனம் என்றால் உள்ளே ஏதோ விளைகிறது என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. திரும்பி வந்தவர்களைத்தான் நாம் பேசுகிறோம். வராமலே போனவர்கள் எத்தனையோ பேர். அதனால் கதை வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொள்வதும் இல்லை.

உங்கள் விஷயம் வேறாக இருக்கலாம். நேரமில்லாமல் நின்றுபோவது உண்டு. முதல் தொகுப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லாததால் நின்றுபோவதும் உண்டு. அந்த இரண்டாவதுதான் நிறையப் பேருக்கு நடக்கிறது. அதைச் ‘சுயசந்தேகம்’ என்று எழுதுபவர் தலையில் கட்டுவது அநியாயம்.

ந. பிச்சமூர்த்தியைப் பாருங்கள். முப்பதுகளில், ‘மணிக்கொடி’ என்ற இலக்கிய இதழின் காலத்தில் கவிதையும் கதையுமாக எழுதியவர். பிறகு கோயில் நிர்வாக அதிகாரி வேலை, நீண்ட இடைவெளி. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தான் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையின் முதல் இதழில் அவருடைய பழைய கவிதையான ‘பெட்டிக்கடை நாரண’னை எடுத்து மறுபடி போட்டார். அப்போது பிச்சமூர்த்திக்கு அறுபதை நெருங்கும் வயது. அதற்குப் பிறகு அவர் புதிதாக எழுதியவை இருக்கின்றனவே, இளைஞர்கள் அவற்றைப் பார்த்துத்தான் புதுக்கவிதைக்குள் வந்தார்கள். யாரோ ஒருவர் அந்தப் பழைய கவிதையை மறக்காமல் வைத்திருந்தார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அப்புறம், அந்தத் தொகுப்பை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு, பிடித்ததையும் பிடிக்காததையும் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்.