லூபஸ் இருக்கும்போது வலிப்பு மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. நான்கு வருடமாக லூபஸுக்கு (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) ஹைட்ராக்சிகுளோரோகுயினும், ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் 10 மி.கி.யும் சாப்பிடுகிறேன். போன மாதம் திடீரென்று ஃபிட்ஸ் வந்து, ஃபெனிடாய்ன் கொடுத்தார்கள். வலிப்பு மாத்திரையே லூபஸை உண்டாக்கும் என்கிறார்களே? இப்போது விரல் மூட்டுகளில் வலி கூடியிருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே வேண்டாம். சட்டென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்விப்பட்டது பொய்யில்லை. ஃபெனிடாய்ன், கார்பமஸெபின் போன்றவை அபூர்வமாகச் சிலருக்கு லூபஸ் மாதிரியே மூட்டுவலி, காய்ச்சலைக் கொண்டுவரும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கிவிடும். ஆனால் உங்களுக்கு லூபஸ் வந்து நான்கு வருடம் கழித்துத்தான் இந்த மாத்திரையே வந்திருக்கிறது.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். ஃபெனிடாய்ன் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும். அவை பிரெட்னிசலோனை வேகமாகச் சிதைத்துவிடும். நீங்கள் விழுங்குவது அதே 10 மி.கி.தான், உடம்பில் நிற்பது குறைவு. மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்? கார்பமஸெபினும் ஃபீனோபார்பிட்டோனும் இதே ரகம். ஸ்டீராய்டும் இவையும் சேர்ந்தால் எலும்பும் தேயும். கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள்.

அதனால் லெவெடிராசிடம் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாறலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்கலாம். அது ஸ்டீராய்டோடு மோதாது. சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும், அதை வீட்டில் சொல்லிவையுங்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். கல்யாணம், குழந்தை என்ற யோசனை இருந்தால் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது, கருவைப் பாதிக்கும். மாற்றும்போது வாதநோய் மருத்துவருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் ஃபெனிடாய்ன் விலகியதும் அதே ஸ்டீராய்டு அளவு கூடுதலாக வேலை செய்யும்.

ஃபிட்ஸ் ஏன் வந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும். லூபஸ் மூளையைத் தொட்டதா, ரத்த அழுத்தமா, கிருமித்தொற்றா? எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்திருப்பார்கள். புரதம் நிறைய வெளியேறினால், ரத்தத்தில் ஃபெனிடாய்னின் மொத்த அளவு குறைவாகக் காட்டும், ஆனால் வேலை செய்யும் பகுதி போதுமான அளவு இருக்கலாம். அதை நம்பி டோஸை ஏற்றினால் தள்ளாட்டம்தான் மிஞ்சும். லூபஸ் சீறியபோது ஒரே ஒரு முறை வந்த வலிப்பு என்றால், ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படாமலும் போகலாம்.

அப்புறம் ஒன்று. முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தோல் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால், ‘லூபஸ்தானே, எப்போதும் வருவது’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். மருந்து ஒவ்வாமையும் அப்படித்தான் தொடங்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.