மறுபடியும் பாசிட்டிவ்: அம்மா பக்கத்தில் போகலாமா?

உங்களிடமிருந்து அம்மாவுக்குக் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் பதினான்கு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் 74 வயது அம்மாவின் சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு விலகி வந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பயம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது.

குணமாகி ஐந்து வாரம் ஆகிறது. நடுவில் ஒரு முறை நெகட்டிவ். வேலைக்குத் திரும்ப எடுத்த ஆர்டி-பிசிஆரில் மீண்டும் பாசிட்டிவ், சிடி மதிப்பு (எத்தனை முறை பெருக்கிய பிறகு வைரஸ் தெரிந்தது என்ற எண்) 36. காய்ச்சல், இருமல், தொண்டை வலி எதுவும் இல்லை. இது பழைய தொற்றின் மிச்சம்.

பிசிஆர் பரிசோதனைக்கு வைரஸ் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியாது. அது தேடுவது மரபணுத் துணுக்கை மட்டும்தான். ஒவ்வொரு சுழற்சியிலும் அதை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். 36 சுழற்சியில் ஒரு துணுக்கு ஏறக்குறைய 6,870 கோடி ஆகிவிடும். அவ்வளவு பெருக்கிய பிறகுதான் உங்கள் மாதிரியில் ஏதோ இருப்பது கருவிக்கே தெரிந்திருக்கிறது. மூச்சுப்பாதையில் செத்த செல்கள் உதிரும்போது இந்தத் துணுக்குகளும் கூடவே வரும். சிலருக்கு 80 நாள் வரை வந்திருக்கிறது. இவ்வளவு குறைவாக இருக்கும்போது பஞ்சுக்குச்சியில் ஒரு நாள் ஒட்டும், ஒரு நாள் ஒட்டாது. நடுவில் நெகட்டிவ் வந்தது அதனால்தான்.

2020-இல் தென்கொரியாவில் இதே பயம் பெரிதாக எழுந்தது. குணமாகி மறுபடி பாசிட்டிவ் ஆன 285 பேரை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் ஆராய்ந்தது. அவர்களோடு பழகிய 790 பேரையும் கண்காணித்தது. மறு பாசிட்டிவ் ஆனவர்களிடமிருந்து தொற்றியதாக ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை. 108 பேரின் மாதிரிகளை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றில்கூட உயிருள்ள வைரஸ் வளரவில்லை. அந்த ஆண்டு மே மாதமே உலக சுகாதார நிறுவனமும், தனிமையிலிருந்து விடுவிக்க நெகட்டிவ் ரிசல்ட் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது.

உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் போன்றோருக்கு மட்டும் கதை வேறு. அவர்கள் உடலில் உயிருள்ள வைரஸே மாதக்கணக்கில் இருக்கக்கூடும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. புதிதாகக் காய்ச்சலும் இருமலும் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்; அதுவரை இன்னொரு பிசிஆர் எடுக்காதீர்கள். முடி கொட்டுவது, வாசனை மாறித் தெரிவது எல்லாம் மெல்லச் சரியாகும். ‘வைரஸ் மூளையில் ஒளிந்துகொள்ளும்’ என்ற வீடியோவை தயவுசெய்து மூடிவிடுங்கள்.

ரிசல்ட்டைப் பார்த்ததும் வீட்டில் மீதமிருந்த ஸ்டீராய்டையும் ஆன்டிபயாடிக்கையும் ஐந்து நாள் விழுங்கியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்த ஸ்டீராய்டு உயிர் காத்தது. மற்றவர்களுக்குப் பலன் இல்லை, சர்க்கரையைத்தான் ஏற்றிவிடும். ஆன்டிபயாடிக்குக்கு வைரஸிடம் வேலையே கிடையாது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

சரி, இனி நான் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். பதினோராவது கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி: “இடது கெண்டைக்கால் லேசாக வீங்கி இறுக்கமாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தே கிடந்ததால் இருக்கும்.” இந்தக் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான். படுத்தே கிடந்தது ஆறுதலான காரணம் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. அதோடு அசையாமல் கிடந்தால் கால் நாளத்தில் ரத்தக்கட்டி உண்டாகலாம். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் மூச்சு வாங்கும். ஸ்வீடனில் பத்து லட்சம் கொரோனா நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் ரத்தக்கட்டி ஆபத்து ஆறு மாதம் வரை கூடுதலாக இருந்தது. நீங்கள் இப்போது ஐந்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள்.

மருத்துவர் உங்கள் முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் சுற்றி அளப்பார். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். நீங்களே அளந்து, குறைவாக இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு மூச்சும் வாங்குகிறது. அதனால் காலுக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தக்கட்டி இருந்தும் அது 97 காட்டலாம்.

காலை நீவிவிட வேண்டாம். ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். இன்றே, அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப்போங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ இருமலில் ரத்தமோ வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டி இருப்பது உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து குறைந்தது மூன்று மாதம் கொடுப்பார்கள். நேரத்தோடு பிடித்துவிட்டால் நன்றாகக் குணமாகும்.

கிளம்பும்போது அம்மாவின் அறைக்குள்ளே போய், பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிவிட்டுப் போங்கள்.