"சத்தம் பழகிடுச்சு, டாக்டர்!"

*வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கிரைண்டிங் மிஷின் ஓடும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். போதுமா?*

போதாது. பஞ்சு தடுப்பது சில டெசிபல்தான். 'அதான் வைத்திருக்கிறோமே' என்ற தைரியம் அதைவிட ஆபத்து. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். கிரைண்டர் சர்வசாதாரணமாக 100ஐ ஒட்டிப் போகும்.

மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர்பிளக் கேளுங்கள். பீடி சுற்றுவதுபோல் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துப் பிடித்தபடி உள்ளே விடுங்கள். அது உப்பும்வரை, ஒரு அரை நிமிடம், விரலை எடுக்காதீர்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். கிரீஸ் கையோடு மட்டும் தொடாதீர்கள்.

*காசிமேட்டில் போட் டிரைவர் நான். இஞ்சின் சத்தம் இருபது வருஷமாகப் பழகிவிட்டது. ஆனால் ஏலத்தில் விலை கூவுவது கேட்கிறது, தொகைதான் பிடிபட மாட்டேன் என்கிறது.*

அண்ணே, பழகியது காது இல்லை. உள்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் சுமார் 15,000தான். செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகள். சொல்லைப் பிரித்துக் காட்டுவது அவைதான். அதனால்தான் குரல் கேட்கும், சொல் புரியாது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை, எடுத்துக்கொண்டு வாருங்கள். இஞ்சின் பக்கம் போகும்போது காதை முழுசாக மூடும் இயர்மஃப் போடுங்கள்.

*ராயபுரத்தில் ஒரு சாவு ஊர்வலம். பக்கத்திலேயே வெடி போட்டார்கள். நேற்றிலிருந்து காதில் 'கொய்ங்' என்கிறது.*

பலத்த சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு குட்டித் தசை சுருங்கி அதை மட்டுப்படுத்தும். வெடி அதற்கு அவகாசம் தராது. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்குச் சட்டப்படி தடை உண்டு. நம் தெருவில் 4 மீட்டர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! இரைச்சல் நாளைக்கும் குறையாவிட்டால் தள்ளிப்போடாமல் காது டாக்டரைப் பாருங்கள். கேட்பதே மந்தமாகியிருந்தால் இன்றைக்கே. எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள்.

*குக்கர் விசிலுக்கே என் மகள் காதைப் பொத்துகிறாள். திட்டலாமா?*

வேண்டாம். விசிலடிக்கும் முன் சொல்லிவிடுங்கள். எல்லாச் சத்தத்துக்கும் மிரண்டால் மட்டும் ஒருமுறை காட்டுங்கள். பட்டாசுக்குப் பொத்தினால், அவளைப் பார்த்து நீங்களும் பொத்துங்கள்.