வெறும் இறாக்கைகள் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் அயர்லாந்தில் இருக்கிறாள். போன ஆடியில் அவளிடம் போயிருந்தபோது டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். அங்குள்ள ‘லோங் ரூம்’ பற்றி நீங்கள் முன்பு எழுதியதை வாசித்துவிட்டு நான்தான் கேட்டேன். போய்ப் பார்த்தால் இறாக்கையெல்லாம் வெறுமை. புத்தகங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். மரவளைவுக் கூரையும் சலவைக்கல் தலைச்சிலைகளும்தான் மிச்சம். டிக்கெட் காசை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. வெறும் அலுமாரி பார்ப்பதென்றால் அது என் வீட்டிலேயே இருக்கிறதே?

ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள டீச்சர்,

டிக்கெட் காசு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நான் போன காலத்தில் அந்த அறை நிறையப் புத்தகம் இருந்தது, நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கயிறு கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் நின்று முதுகுகளைப் பார்த்ததோடு சரி. தோல் அட்டை, மங்கிய பொன்னெழுத்து. பெரிய புத்தகம் கீழே, சின்னது மேலே. காலைக்கூட்டத்தில் பிள்ளைகளை உயரம் பார்த்து நிறுத்துவீர்களே, அப்படி. உள்ளே என்ன இருந்ததென்று எனக்கும் தெரியாது.

அந்தப் புத்தகங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு பயம். ஒன்று ஈரம். 1712இல் தொடங்கி 1732இல் முடிந்த கட்டடம் அது. தோமஸ் பேர்க் என்ற கட்டடக்கலைஞர் கீழ்த்தளத்தைத் தூண்கள் நிற்கும் திறந்த மண்டபமாக விட்டுவிட்டு, நூலகத்தை மாடியில் வைத்தார். நிலத்து ஈரம் ஏறக்கூடாதென்றுதான். 1801இல் வந்த சட்டத்தால் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் அச்சாகும் நூல்களில் ஒவ்வொரு பிரதி கேட்டு வாங்கும் உரிமை கிடைக்க, இடம் போதாமல் போனது. 1860 அளவில் தட்டைக் கூரையை எடுத்து, மேல்மாடம் வைத்து, அந்த மரவளைவைப் போட்டார்கள். நீங்கள் அண்ணாந்து பார்த்த அழகு இடநெருக்கடியில் வந்தது.

மற்றப் பயம் நெருப்பு. 2019 ஏப்ரலில் பாரிஸில் நோத்ர டாம் பேராலயம் எரிந்ததைப் பார்த்தபிறகு இவர்களுக்கு நித்திரை வரவில்லை. 2022இல் இறக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் புத்தகங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, தூசி உறிஞ்சி, விபரம் பதிந்து, மின்னணுச் சீட்டு வைத்து, சூடும் ஈரமும் கட்டுப்படுத்திய களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். எங்கேயோ ஒரு கோயில் எரிந்ததற்காக எரியாத நூலகத்தைக் காலிசெய்கிறவர்கள்! யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த 1981 மே 31 இரவுக்குப் பிறகு 97,000 நூல்கள் சாம்பல். எங்களுக்கு நெருப்பு முதலில் வந்தது, வெறும் இறாக்கை அப்புறம்.

எங்கள் ஊரில் நெருப்புக்கூடத் தேவையில்லை. அம்மப்பாவின் அலுமாரி ஒரு மாரி முழுக்கத் திறபடவில்லை, கதவு ஊதி இறுகிவிட்டது. தை மாதம் நானும் மச்சானும் இழுத்துத் திறந்தோம். வசம்புத் துண்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. புத்தகங்களும் வரிசை குலையாமல் நின்றன. ஒன்றை உருவினேன். அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளே இருந்தது கறையான் மண். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பின்சுவரால் ஏறியிருக்கிறது, முன்னால் இருந்து பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் டப்ளினில் நீங்கள் கண்ட வெறுமையில் எனக்குக் குறை தெரியவில்லை. அங்கே இறாக்கை வெறுமை, புத்தகம் பத்திரம். அம்மப்பாவிடம் இறாக்கை நிறைந்திருந்தது.

எங்கள் ஊர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் ஏட்டுச்சுவடிகளைக் காத்த நூலகர். 1895இல் அவர் வெளியிட்ட ‘மோகனாங்கி’யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள். அந்த முதற்பதிப்பில் ஒன்று இங்கே யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று நானும் கனகாலமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அலுமாரி வெறுமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் முன்பு என்ன இருந்தது, டீச்சர்? பள்ளிக்கூட ஆண்டுமலர், கோயில் கும்பாபிஷேக மலர், கல்வெட்டு என்று அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவுமலர் ஏதாவது பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் இப்படியானவற்றைத்தான் ஸ்கான் பண்ணி இணையத்தில் ஏற்றிவருகிறது. சனிக்கிழமை பின்னேரம் நான் உவர்மலைப் பக்கம் வருவேன். பெட்டியை வெயிலில் வைக்கவேண்டாம், தாள் முறுகிவிடும். விறாந்தையில் நிழலாய் விரித்து வையுங்கள். பூச்சி இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள், என்ன பூச்சியென்று பார்க்கவேண்டும்.