மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் குசாட்சு பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். ஜப்பானில் குன்மா மாகாணத்து மலையூர் அது, சுமார் 1,200 மீட்டர் உயரம். என் மகன் டோக்கியோ பக்கம் வேலையில் இருந்தபோது, பனி கொட்டிய ஒரு பிப்ரவரி நாளில் அங்கே வெந்நீர் ஊற்றில் குளித்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சில இங்கே.

டோக்கியோவிலிருந்து காலையில் போய் இரவே திரும்பிவிடலாமா? பார்க்க அப்படி என்ன இருக்கிறது? – கோவை வாசகர்

திரும்பிவிடலாம். ஆனால் திரும்பாதீர்கள். உயேனோ ஸ்டேஷனில் விரைவு ரயில் ஏறினால் நாகனோஹரா குசாட்சுகுச்சிக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிடம். போக வர ஆறு மணி நேரம் போனால் அவசரக் குளியல்தான் மிஞ்சும். இந்தத் தண்ணீர் அவசரத்துக்கு ஏற்றதில்லை.

ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்கு வந்துவிடும். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் நிற்குமே ஒரு கந்தக வாடை, அதுதான். பஸ்ஸை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் ஊர் நடுவே யுபதாக்கே. பெயருக்கு ‘வெந்நீர் வயல்’ என்று பொருள். கொதிக்கக் கொதிக்க வரும் ஊற்று நீரை நீளமான மரக் கால்வாய்களில் ஓடவிட்டுச் சூடு தணிக்கிறார்கள். கால்வாயின் அடியில் படியும் மஞ்சள் கந்தகப் பொடியையும் சேகரிக்கிறார்கள். நாங்கள் போனபோது பனி பஞ்சு பஞ்சாக விழுந்துகொண்டிருந்தது. விழுகிற பனி ஆவிக்குள் போகும், கீழே வந்து சேராது. அதையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். இருட்டிய பிறகு அங்கே விளக்குப் போடுவார்கள். அந்த நேரத்தில் இன்னொரு முறை வந்து நிற்க வேண்டும். ஓர் இரவு தங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எதிரிலேயே நெட்சுனோயு என்ற கட்டடம். பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே, ஆளுயரப் பலகைகளால் தொட்டித் தண்ணீரைப் புரட்டிப் புரட்டிப் போடுவார்கள். இதற்கு யுமோமி என்று பெயர். நாம் காபியை டபராவில் ஆற்றுகிறோமே, அதே வேலைதான். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்றின் குணம் நீர்த்துவிடும், அதனால் ஆற்றியே இறக்குகிறார்கள். எனக்கும் ஒரு பலகை கொடுத்தார்கள். இரண்டே நிமிடத்தில் தோள் இறங்கிவிட்டது.

காலணியில் கஞ்சத்தனம் வேண்டாம். யுபதாக்கே பக்கத்துச் சாலைகளில் ஊற்றின் சூட்டை வைத்தே பனியை உருக்குகிறார்கள், அங்கே நன்றாக நடக்கலாம். சந்துக்குள் திரும்பினால் கண்ணாடி மாதிரி வழுக்கும்.

அம்மா, உடம்பில் ஒரு துணி இல்லாமல் மற்றவர்கள் முன்னால் குளிக்க வேண்டுமாமே? நம்மால் முடியுமா? – திருநெல்வேலி வாசகி

முடியும் தங்கச்சி. நானும் குளத்தில் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளித்து வளர்ந்தவள்தான். பெண்களுக்குத் தனி இடம், ஆண்களுக்குத் தனி இடம். ஆனால் உள்ளே நீச்சலுடைக்குக்கூட அனுமதி இல்லை. ஒரு சிறு துண்டு வைத்துக்கொள்ளலாம். அதுவும் தண்ணீரில் படக் கூடாது, தலையில் மடித்து வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அன்னியப் பெண்களைப் பற்றிக் கவலையே இல்லை. கூட வந்தவள் என் மருமகள். அவள் முன்னால் எப்படி என்பதுதான். அவளுக்கும் அதே தயக்கம். இருவரும் உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி உள்ளேயிருந்து வந்து, ஒன்றும் பேசாமல் மர வாளி ஒன்றை என் கையில் கொடுத்தார். மொண்டு காலில் ஊற்று, அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள், பின்னந்தலை என்று சைகையிலேயே காட்டினார். நான் ஊற்ற ஊற்ற அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு வெட்கப்பட நேரமே இல்லை.

அது ஷிரஹாட்டா நோ யு, ஊர்ப் பொதுக் குளியலறை. கட்டணம் இல்லை. சோப்பு, ஷவர் என்று எதுவும் கிடையாது. சூடான தொட்டி ஒன்று, சற்றுச் சூடு குறைந்தது ஒன்று. நீங்கள் இரண்டாவதில் இறங்குங்கள். விடுதிகளில் நிலைமை வேறு, அங்கே முதலில் உட்கார்ந்து நன்றாகச் சோப்புத் தேய்த்து அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் போக வேண்டும். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் முன்னாலேயே அலசிவிடுங்கள், கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். பொதுத் தண்ணீர் எல்லாருக்கும் சொந்தம்.

சாயங்காலம் சாய்னோகவாரா பூங்கா. இரண்டு பக்கமும் பனி குவிந்திருக்க, நடுவில் ஆவி பறக்க ஓடை ஓடுகிறது. அதன் கடைசியில் வானம் பார்த்த பெரிய குளியல் தடாகம். கழுத்து வரை சூடு, தலையில் பனி. மருமகள் கல்லில் சாய்ந்துகொண்டு தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியதே இல்லை. நான் குறுக்கே பேசவில்லை.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், பல விடுதிகளில் குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் தரும் தனித் தொட்டி உண்டு. ‘கஷிகிரி’ என்று கேளுங்கள்.

தாலி, மெட்டியைக் கழற்ற வேண்டுமா? – தஞ்சாவூர் வாசகி

மெட்டியைக் கட்டாயம் கழற்றுங்கள். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் கறுத்துவிடும். என் மெட்டி அன்றே கரி பிடித்த மாதிரி ஆகி, ஊருக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்த பிறகுதான் நிறம் திரும்பியது. கொலுசும் அப்படித்தான். தங்கச் சங்கிலிக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முலாம் பூசியது, கல் வைத்தது எதுவும் வேண்டாம். புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டும் இறங்காதீர்கள், சாயம் தண்ணீரில் இறங்கும்.

வயது 68, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குளிக்கலாமா? – மதுரை வாசகர்

முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அவர் சரி என்றாலும் இதை மனதில் வையுங்கள் ஐயா. குளிர்ந்த அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு நேரே சூட்டில் இறங்கினால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். ஜப்பானிலேயே குளிர்காலத்தில் வயதானவர்கள் பலர் இப்படித் தொட்டியில் மயங்கி இறந்துபோகிறார்கள். மேலே சொன்ன வாளிக் குளியல் வெறும் சடங்கு இல்லை, உடம்பைப் பழக்குவது. மூன்று நிமிடம் போதும். மெதுவாக எழுந்திருங்கள். குடித்திருந்தால் இறங்கவே கூடாது. தனியாகவும் போகாதீர்கள்.

இன்னொன்று, குசாட்சு நீர் கடும் அமிலம். அதன் பி.எச். 2 அளவில், எலுமிச்சைச் சாறு மாதிரி. அன்று காலையில் முகச்சவரம் வேண்டாம், எரியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மென்மையான தோல் என்றால் கடைசியில் சாதாரணத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? – சென்னை வாசகி

சிரமம்தான். சோபா நூடுல்ஸுக்குத் தரும் சாற்றில்கூட மீன் இருக்கும். விடுதியில் முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். கடைத்தெருவில் ஆவி பறக்க ‘மஞ்சு’ என்ற சிறு பன் கிடைக்கும், உள்ளே இனிப்புப் பயறு விழுது. நம் சுகியன் பூரணத்தை நினைவுபடுத்தும். கையில் புளியோதரைப் பொடி இருந்தால் இரவுக்குக் கவலை இல்லை.

அவ்வளவு அமிலத் தண்ணீர் ஆற்றில் கலந்தால் மீன் சாகாதா? – ஈரோடு மாணவி

நல்ல கேள்வி, மகளே. ஒரு காலத்தில் அந்த ஆற்றில் மீனே இல்லை. இரும்பும் கான்கிரீட்டும் அரித்துப்போகும், வயலுக்கும் பாய்ச்ச முடியாது. 1964 முதல் சுண்ணாம்புக்கல் மாவைத் தண்ணீரில் கரைத்து, இரவு பகல் பாராமல் ஆற்றில் ஊற்றி வருகிறார்கள். அமிலம் முறிந்து உண்டாகும் வண்டல், கீழே ஷினாகி அணையில் தேங்குகிறது. மறுநாள் காலையில் பஸ் ஏறுவதற்கு முன் நானும் மருமகளும் சுண்ணாம்பு ஊற்றும் இடத்தைப் போய்ப் பார்த்தோம். பனி விழுந்துகொண்டிருந்தது. ஆவி பறக்கும் ஆற்றில் சுண்ணாம்புப் பால் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருந்தது.