எதில் எவ்வளவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு லட்சம் ரூபாய், ஓராண்டுக் கடன். வங்கியில் 14% வட்டி. ஒரு நிதி நிறுவனத்தில் 10% 'ஃபிளாட்' என்கிறார்கள். மலிவானதையே வாங்கிவிடலாம் அல்லவா? (திருப்பூர் வாசகர்)

பதில்: மலிவானது வங்கிக் கடன்தான். 10% ஃபிளாட்டில் வட்டி ரூ.10,000. அசலோடு சேர்த்து 12ஆல் வகுத்தால் மாதத் தவணை ரூ.9,167. வங்கியின் 14% குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் போடும் வட்டி. அங்கே தவணை ரூ.8,979, மொத்த வட்டி சுமார் ரூ.7,745.

பத்து எப்படிப் பதினாலைவிடக் கூடுதலாகிறது? ஃபிளாட் கணக்கில் கடைசி மாதத்திலும் முழு லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். அப்போது உங்கள் கையில் நிற்கும் பாக்கி ஒன்பதாயிரம் சொச்சம்தான். ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் நீங்கள் பயன்படுத்திய பணம் லட்சத்தில் பாதிக்குச் சற்று மேல். ஆகவே இது உண்மையில் சுமார் 18% வட்டி. ஒன்று முதல் மூன்று ஆண்டுக் கடன்களுக்கு ஃபிளாட் விகிதத்தை 1.8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ உண்மை விகிதம் வந்துவிடும்.

இதோடு முடியவில்லை. 'பிராசசிங் ஃபீஸ்' என்று ரூ.2,000 பிடித்துக்கொண்டு ரூ.98,000 கொடுத்தால், அதே தவணையில் வட்டி 22%ஐ நெருங்கும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதத்துக்கு ஏ.பி.ஆர். என்று பெயர். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு இந்த எண் உள்ள 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு இடத்து ஏ.பி.ஆரை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தவணைத் தொகையை ஒப்பிட்டு ஏமாறுவோர்தான் அதிகம். மாதங்களைக் கூட்டினால் எந்தக் கடனின் தவணையும் சிறுத்துவிடும்.

கேள்வி: '50% தள்ளுபடி, மேலும் 20%' என்றால் 70% தானே? பில்லில் அப்படி வரவில்லையே. (சேலம் வாசகி)

பதில்: 60%தான். ஆயிரம் ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகிறது. அடுத்த 20% அந்த 500க்கு மட்டும், அதாவது 100. நீங்கள் கொடுப்பது 400. இதே போல '33% கூடுதல் இலவசம்' என்ற டப்பாவும் 33% தள்ளுபடி அல்ல. கணக்குப் போட்டால் 25% தள்ளுபடிக்குச் சமம்.

கேள்வி: எங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை, 'ஓரிரு இடங்களில் கனமழை' என்றார்கள். எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. இப்படி அறிவிப்பதால் என்ன பயன்? (தென்காசி வாசகர்)

பதில்: 'ஓரிரு இடங்களில்' என்பதைப் பேச்சு வழக்கு என்று நினைத்துவிட்டீர்கள். வானிலைத் துறையில் அதற்கு அளவு உண்டு: அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25% வரை. 'ஒருசில இடங்களில்' என்றால் 26 முதல் 50%, 'அநேக இடங்களில்' 51 முதல் 75%, 'பெரும்பாலான இடங்களில்' அதற்கும் மேல். அப்படியானால் 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிவிப்பிலேயே, முக்கால்வாசி நிலையங்களில் கனமழை பதிவாகாது என்பதும் அடங்கியிருக்கிறது.

'கனமழை'க்கும் அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர்; 7 செ.மீ. என்றால் ஆறாயிரத்து ஐநூறு லிட்டர். நிறமோ, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள்.

பலரும் தடுமாறும் இன்னொரு இடம் தேதி. மழைக் கணக்கு காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்துக்கானது. 2023 டிசம்பர் 18 என்று பதிவான காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யில் 17ஆம் தேதி காலையிலிருந்து பெய்ததும் அடக்கம். அதே பதிவில் பக்கத்திலேயே இருக்கும் திருச்செந்தூருக்கு 69 செ.மீ. அந்தப் பெருமழையிலேயே அடுத்தடுத்த ஊர்களுக்குள் 26 செ.மீ. வித்தியாசம் என்றால், சாதாரண நாளில் உங்கள் ஊர் நனையாமல் போவதில் வியப்பில்லை.

கேள்வி: முழு உடல் பரிசோதனை செய்தேன். முடிவுத் தாளில் மூன்று எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. தூக்கமே வரவில்லை. (மதுரை வாசகி)

பதில்: அந்தத் தாளில் இரண்டு வகை எல்லைகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போகும்.

முதல் வகை, ஆரோக்கியமானவர்களைச் சோதித்து நடுவில் வரும் 95% பேரின் அளவைப் பொதுவான எல்லையாக வைத்தது. நோயே இல்லாத இருபது பேரில் ஒருவர் இந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகள் செய்தால், ஆரோக்கியமானவருக்கும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64% வாய்ப்பு. எல்லையை ஒட்டி நூலிழையில் தாண்டிய எண்ணை, மருத்துவர் சொல்லும் இடைவெளிக்குப் பிறகு அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடி பார்ப்பதே முறை. பழைய தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஓர் எண்ணைவிட அது போகும் திசை மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இரண்டாம் வகை, நோயை வைத்தே போட்ட எல்லை. மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முன்நிலை, 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு. கொலஸ்டிராலும் இந்த வகைதான். இங்கே 'கொஞ்சம்தானே கூட' என்று தள்ளிப்போடக் கூடாது. ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் ரத்த சோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. பொய்யாக ஏறிக் காட்டலாம். ஹீமோகுளோபின் வரியையும் சேர்த்துப் படியுங்கள்.

பொட்டாசியம் தனிக்கதை. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலே அது ஏறிவிடும். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். 6ஐத் தாண்டியிருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: 'சுகர் ஃப்ரீ இனிப்பில் இருக்கும் அஸ்பார்டேம் புற்றுநோய் தரும், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: பாதிச் செய்தி. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் அஸ்பார்டேமை '2பி' பிரிவில் வைத்தது: புற்றுநோய் தரக்கூடும், சான்று குறைவு. பாரம்பரிய ஆசிய முறைக் காய்கறி ஊறுகாயும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இந்தப் பிரிவுகள் சொல்வது சான்று எவ்வளவு வலுவானது என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. ஃபார்வர்டுகள் வழுக்குவது இங்கேதான்.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதை வேறொரு நிபுணர் குழு பார்த்தது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி. என்ற பழைய வரம்பை அதே மாதம் அது மாற்றாமல் விட்டது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, 200 முதல் 300 மி.கி. உள்ள டயட் பானத்தை ஒரே நாளில் 9 முதல் 14 டின் வரை குடிக்க வேண்டும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் இதை அறவே தொடக் கூடாது.

கேள்வி: பிள்ளைகளுக்கு 'ராகி பிஸ்கட்' வாங்குகிறேன். நல்லதுதானே? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: பாக்கெட்டின் முன்பக்கத்தை விடுங்கள், திருப்பிப் பாருங்கள். மூலப்பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில்தான் எழுத வேண்டும். முதலில் மைதா இருந்தால் அது மைதா பிஸ்கட். பெயரில் ராகி என்று அழுத்திச் சொன்னால் அதன் சதவீதத்தையும் போட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைத் தேடுங்கள். சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று ஒரே இனிப்பு மூன்று பெயரில் பிரிந்து கீழே போய் உட்கார்ந்திருக்கும். மூன்றையும் கூட்டினால் அது மேலே ஏறிவிடும்.

அடுத்து ஊட்டச்சத்துக் கட்டம். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தி இரண்டு பிஸ்கட்டுக்கான கணக்காக இருக்கலாம். எந்தப் பிள்ளை இரண்டோடு நிறுத்துகிறது? 100 கிராமுக்கான பத்தியைப் பாருங்கள். அதில் சர்க்கரை 24 கிராம் என்றால், 75 கிராம் பாக்கெட்டில் 18 கிராம். நாலு கிராம் ஒரு டீஸ்பூன். ஆக நாலரை டீஸ்பூன். சோடியம் மில்லிகிராமை 2.5ஆல் பெருக்கினால் உப்பு: 400 மி.கி. சோடியம் என்பது ஒரு கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரண்டு பாக்கெட்டுகளில் எது நல்லது என்று தெரியாவிட்டால் இந்த ஒரு பத்தியில் சர்க்கரையையும் சோடியத்தையும் ஒப்பிடுங்கள். கடையில் நின்றபடியே அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.